இண்டெல் தேறுமா? செவ்வாய்ப்பேட்டை மாப்பிள்ளைக்கு ஒரு பதில்

என் தங்கை மகன் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை, அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஏற்காட்டுக்கு என் வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். "மாமா, 2018-லேருந்து பார்த்தா இந்த அமெரிக்க சிப் கம்பெனி இண்டெல்ல நாலு சிஇஓ ஆயிடுச்சு. இயக்குநர் போர்டுதான் கெடுத்துச்சுன்னு ஒரு கட்சி, பழைய சிஇஓ ஜெல்சிங்கர்தான் கெடுத்தார்னு ஒரு கட்சி. இப்ப அமெரிக்க அரசாங்கமே பங்கு வாங்கிடுச்சு. கம்பெனி தேறுமா, தேறாதா?"

பெங்களூரில் இருபத்திரண்டு வருடம் சிப் டிசைன் வேலை பார்த்தேன் என்பதால் என்னிடம் கேட்டான். நான் இண்டெல்லில் வேலை பார்த்ததில்லை. ஆனால் ஒரு சிப் டிசைன் ஃபேப்புக்கு, அதாவது சிப் செய்யும் ஆலைக்கு, போய்த் திரும்பி வரும்வரை வயிற்றைக் கலக்கும் அந்த மூன்று நான்கு மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். வாயால் சொன்னதில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை, அதனால் எழுதுகிறேன். 2025 கடைசி வரை நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, தேற வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு சிஇஓ நாற்காலியில் மட்டும் இல்லை. அந்த நாற்காலிக்கு ஆள் பிடிக்கும் பன்னிரண்டு பதின்மூன்று பேர் என்ன கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் என்பதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி உங்க அப்பாவுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அடி எவ்வளவு பெரியது என்று பார். 2021-ல் இண்டெல்லின் வருமானம் 7,900 கோடி டாலர். 2024-ல் 5,310 கோடி. அந்த ஒரு வருடத்து நஷ்டம் மட்டும் 1,880 கோடி டாலர். 2024 ஆகஸ்ட் 1 அன்று 15,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பப் போகிறோம், டிவிடெண்டை நிறுத்துகிறோம் என்றார்கள். மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. 1974-க்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் முன்னணிக் கம்பெனிகள் இருக்கும் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தது இன்னொரு சிப் கம்பெனியான என்விடியா.

ஆனால் இதெல்லாம் காய்ச்சல் அளவு. கிருமி அதற்குப் பத்து வருடம் முன்பே உள்ளே வந்துவிட்டது. 10 நானோமீட்டர் என்று அவர்கள் பெயர் வைத்த தயாரிப்பு முறை 2016 வாக்கில் வந்திருக்க வேண்டும். பரவலாகக் கடைக்கு வந்தது 2019-ல். ஒரே தாவலில் மிகவும் நெருக்கமாக டிரான்சிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் இருக்கும் குட்டி மின் சுவிட்சுகளை, அடுக்கப் பார்த்தார்கள், அதையும் ஒளியால் சிப்பை அச்சிடும் பழைய ஒளியச்சு இயந்திரங்களை வைத்தே. ஈயூவி என்கிற புதிய ஒளியச்சு இயந்திரத்தைச் செய்த டச்சுக் கம்பெனி ஏஎஸ்எம்எல். அதில் 2012-லேயே பெரிய தொகை போட்டவர்கள் இண்டெல்காரர்களேதான்! காசு போட்டவன் காத்திருக்க, தைவானின் சிப் தயாரிப்புக் கம்பெனி டிஎஸ்எம்சி அந்த இயந்திரத்தை இவர்களுக்கு முன்பே தயாரிப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. 2020 ஜூலையில் அடுத்த தலைமுறையான 7 நானோமீட்டரும் தாமதம் என்றார்கள்.

அதே காலத்தில் போர்டு ஒப்புதலோடு என்ன நடந்தது தெரியுமா? 2018 முதல் 2020 வரை மூன்று வருடத்தில் சொந்தப் பங்கையே சந்தையில் திருப்பி வாங்க 3,500 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். பட்டறையில் உருக்கு அடுப்பு வெடித்து நிற்கும்போது, இருக்கிற பணத்தில் வாசலுக்கு கிரானைட் பதித்த கதை. முன்னாள் நிதித் தலைவர் பாப் ஸ்வான் அப்போது சிஇஓ. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருக்கு முன்னால் இருந்த பிரயன் கிர்சானிச், ஊழியர் ஒருவருடன் இருந்த பழைய உறவு கம்பெனி விதிக்கு எதிரானது என்று 2018 ஜூனில் போனார். அடுத்த ஆளை உறுதிசெய்ய போர்டுக்கு ஏழு மாதம் ஆனது. தேடித் தேடிக் கடைசியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவரையே நிரந்தரமாக்கினார்கள். அடுத்த ஆள் யார் என்று கையில் ஒரு பெயர்கூட வைத்திருக்காத போர்டு அது.

போர்டு என்ன கேள்வி கேட்கிறது என்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனியின் இயக்குநர்கள் பெங்களூர் லேபுக்கு வந்தார்கள். தரை துடைத்து, பூச்செண்டு வைத்து, பெரிய திரையில் படம் போட்டோம். ஒருவர் கேட்டார்: இந்த வருடம் எத்தனை டேப்-அவுட்? அதாவது எத்தனை டிசைனை முடித்து ஃபேப்புக்கு அனுப்பினீர்கள் என்று. ஆறு என்றோம். கை தட்டினார்கள். அந்த ஆறில் நான்கு சிப் பழுதோடு திரும்பி வந்து, திருத்தி மறுபடி அனுப்பியவை. திருத்தி அனுப்பும் ஒவ்வொரு தடவைக்கும் மாதக்கணக்கில் காலமும் கோடிக்கணக்கில் மாஸ்க் (சிப்பை அச்சிடும் அச்சுத்தகடு) செலவும் ஆகும். "முதல் தடவையிலேயே சரியாக வந்தது எத்தனை?" என்று ஒருவர் கேட்டிருந்தால் எங்கள் மேலாளருக்கு வேர்த்திருக்கும். யாரும் கேட்கவில்லை. மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

அதனால்தான் 2025-ல் சிஇஓவாக லிப்-பு டான் வந்ததும் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. 2025 ஜூலையில் ஊழியர்களுக்கு எழுதும்போது, பெரிய சிப் எதுவும் டேப்-அவுட் ஆவதற்கு முன் நானே பார்த்து ஒப்புதல் தருவேன் என்றார். ஒரு சிஇஓ அந்த அளவுக்குக் கீழே இறங்கிப் பார்ப்பது வேலையைத் தாமதப்படுத்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பத் திருத்தியே பழகிப்போன வீட்டில் கொஞ்ச நாளைக்கு அந்தத் தாமதம் தேவை.

சரி, ஜெல்சிங்கர் விஷயத்துக்கு வா. பதினெட்டு வயதில், 1979-ல், இண்டெல்லில் சேர்ந்தவர், 486 சிப்பை வடிவமைத்த குழுவின் தலைமையில் இருந்தவர். 2009-ல் வெளியே போனவரை 2021 பிப்ரவரியில் சிஇஓவாகக் கூப்பிட்டு வந்தார்கள். நான்கு வருடத்தில் ஐந்து தலைமுறை தயாரிப்பு முறையைத் தாண்டுவேன், வெளியாட்களுக்கும் சிப் செய்து கொடுப்பேன் என்றார். அந்த ஐந்தில் கடைசிப் படி 18ஏ. அது கடைக்கு வர வேண்டியதே 2025 கடைசியில். போர்டு அவரை வெளியே அனுப்பியது 2024 டிசம்பர் 1.

நாகலூர்ப் பக்கம் என் ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்திருக்கிறாயே. அராபிக்கா நட்டால் மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் உருப்படியாகக் காய் பார்க்க முடியும். நடுவில் கூலி, உரம், களையெடுப்பு எல்லாம் செலவுதான். முதல் காய்ப்புக்கு ஒரு வருடம் இருக்கும்போது, செலவு தாங்கவில்லை என்று தோட்டக்காரரை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் மாற்றுகிறவனுக்கு அடுத்த தோட்டக்காரர் யார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்குத் தெரியவில்லை. நிதித் தலைவர் டேவிட் ஜின்ஸ்னரையும் இன்னொரு உயர் அதிகாரி மிஷெல் ஜான்ஸ்டன் ஹோல்ட்ஹவுஸையும் இடைக்காலமாக உட்கார வைத்து, மூன்று மாதத்துக்கு மேல் தேடினார்கள். முதலீட்டு வங்கித் துறையிலிருந்து வந்த போர்டுத் தலைவர் ஃபிராங்க் யியரி மேற்பார்வை பார்த்தார்.

அப்புறம் வேடிக்கையைக் கேள். தேடிக் கண்டுபிடித்த லிப்-பு டான் 2022 முதல் அதே போர்டில் உட்கார்ந்திருந்தவர்! கேடன்ஸ் கம்பெனியை 2009 முதல் 2021 வரை நடத்தியவர். நீ கல்லூரி லேபில் திறக்கும் சிப் வரையும் மென்பொருள் இருக்கிறதே, அந்தக் கேடன்ஸ்தான். அந்த மேசையில் இந்தத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்த ஓரிருவரில் ஒருவர். 2024 ஆகஸ்டில் விலகினார். வேறு வேலைகள் இருக்கின்றன என்பது வெளியில் சொன்ன காரணம். ஆள் கூட்டம் அதிகம், துணிந்து முடிவெடுக்கும் பழக்கம் இல்லை என்று மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. விரட்டாத குறையாகப் போனவரைத்தான் ஏழு மாதத்தில் மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள், 2025 மார்ச்சில். இடையில் டிசம்பரில் ஏஎஸ்எம்எல்லின் முன்னாள் சிஇஓ எரிக் மொரிஸையும் மைக்ரோசிப் கம்பெனியின் ஸ்டீவ் சங்கியையும் போர்டில் சேர்த்தார்கள். ஃபேப் வாசனை தெரிந்த ஆட்கள். ஐந்து வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

அதற்காக ஜெல்சிங்கரைத் தியாகி ஆக்காதே. அவர் பக்கமும் தப்பு உண்டு. ஆர்டர் வருவதற்கு முன்னால் கட்டடம் கட்டினார். ஒஹாயோவில் ஃபேப், ஜெர்மனியில் ஃபேப், போலந்தில் சிப்பைப் பொருத்திச் சோதிக்கும் ஆலை என்று திட்டம் போட்டார். கடைசி இரண்டையும் டான் வந்து கைவிட்டார், ஒஹாயோவை மெதுவாக்கினார். இன்னொன்று, வாய். தைவான் நிலையான இடம் இல்லை என்று மேடையில் பேசினார். அதே நேரம் இண்டெல்லின் சில சிப்புகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது தைவானின் டிஎஸ்எம்சிதான். அதற்குப் பிறகு டிஎஸ்எம்சி தந்துகொண்டிருந்த சுமார் 40 சதவீதத் தள்ளுபடி போய்விட்டது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. கூலிக்கு வேலை செய்து தரும் ஆசாரியைத் தெருவில் நின்று குறை சொல்லிவிட்டு மறுநாள் அதே கூலிக்கு வேலை கேட்டால் என்ன ஆகும், உங்க அப்பாவைக் கேள்.

உங்க அப்பா சமாச்சாரம் என்று சொன்னேனே, அது இதுதான். வெளியாட்களுக்குச் சிப் செய்து கொடுக்கும் வேலைக்கு ஃபவுண்டரி என்று பெயர். அது வேறொன்றும் இல்லை, கூலி வேலை. வியாபாரி வெள்ளியும் டிசைனும் கொடுக்கிறார், பட்டறை கொலுசு செய்து கொடுத்துக் கூலி வாங்குகிறது, சேதாரம் இவ்வளவு என்று பேச்சு. டிஎஸ்எம்சி 1987-லிருந்து கூலி வேலை மட்டும்தான் செய்கிறது. தன் பெயரில் ஒரு சிப் விற்றதில்லை. இண்டெல் அப்படி இல்லை. 1968-லிருந்து தானே வரைந்து, தானே செய்து, தானே விற்ற வீடு. இப்போது போட்டிக் கடைக்காரர்களிடமே போய், உங்கள் டிசைனைக் கொடுங்கள், செய்து தருகிறேன் என்கிறது.

மூன்று வருடம் முன்னால் உங்க அப்பா கடைவீதியில் சொந்தமாகக் கொலுசுக் கடை திறந்தாரே, நினைவிருக்கிறதா? திறப்பு விழாவுக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போன மூன்று வியாபாரிகள் மறுமாதமே பட்டறைக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். சண்டை ஒன்றும் இல்லை. ஒருவர் என்னிடமே சொன்னார்: "உங்க மச்சான் கை சுத்தம், வெள்ளித் தரமும் சுத்தம். ஆனா தீபாவளிக்கு நான் விடப்போற அச்சை, கடை வச்சிருக்கிறவர் மேசையில ஆறு மாசம் முன்னாடியே எப்படிங்க வைக்கிறது?" பட்டறை மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பவேண்டிய நிலைமையே வேண்டாம் என்று நினைத்தார். குவால்காம், ஏஎம்டி, ஆப்பிள் என்று சொந்தமாகச் சிப் வரையும் கம்பெனிகள் எல்லாருக்கும் இண்டெல் முன்னால் இருக்கும் தயக்கம் இதேதான்.

பிறகு உங்க அப்பா உன் சித்தப்பாவைப் பட்டறைக்கு உட்கார வைத்தார், கணக்கு நோட்டைப் பிரித்தார், பட்டறைக்குப் பின் சந்தில் தனி வாசல் வைத்தார். இண்டெல்லும் இதைத்தான் செய்து பார்க்கிறது. 2024-ல் ஃபவுண்டரிக்குத் தனிக் கணக்குக் காட்ட ஆரம்பித்தது. கணக்கைப் பிரித்ததும்தான் ஓட்டை தெரிந்தது: அந்த வருடம் ஃபவுண்டரியின் செயல்பாட்டு நஷ்டம் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல். செப்டம்பரில், அதைத் தனி போர்டோடு துணை நிறுவனமாக்குவோம் என்றது. இண்டெல் போர்டில் முன்பு இருந்த நான்கு பேர், அது போதாது, இரண்டாக வெட்டிவிடுங்கள் என்று எழுதினார்கள். பழைய சிஇஓ கிரெய்க் பேரட் நேர் எதிராக, வெட்ட வேண்டாம், வேண்டுமானால் போர்டை அனுப்பிவிட்டு ஜெல்சிங்கரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று எழுதினார். என் கருத்து கேட்டால், வெட்டுவது கடைசியில் நடக்கலாம், ஆனால் இப்போது வெட்டினால் ஃபேப் பட்டினி கிடக்கும். அதற்கு வேலை கொடுக்கிற பெரிய வாடிக்கையாளர் இன்றைக்கு இண்டெல்லே ஒருவர்தான்.

இதில் அரசாங்கமும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டது. 2025 ஆகஸ்ட் 7 அன்று டிரம்ப், டான் உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்று எழுதினார், சீனத் தொடர்பு என்று காரணம் சொல்லி. அடுத்த வாரமே டான் நேரில் போய்ப் பார்த்தார். 22-ஆம் தேதி, அமெரிக்க அரசு சுமார் 10 சதவீதப் பங்கை 890 கோடி டாலருக்கு, பங்குக்கு 20.47 டாலர் என்று எடுத்துக்கொண்டது. புதுப் பணம் இல்லை, ஏற்கெனவே மானியமாகத் தருவதாகச் சொன்னதைப் பங்காக மாற்றிக்கொண்டார்கள். போர்டில் இடம் கேட்கவில்லை, பெரும்பாலும் போர்டோடு சேர்ந்தே ஓட்டுப் போடுவோம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஃபவுண்டரியில் இண்டெல்லின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் 5 சதவீதத்தை 20 டாலர் விலையில் வாங்கும் உரிமையைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆக, வெட்டும் கத்திக்கு உறை போட்டாயிற்று. அரசு முதலாளியாக இருந்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் தகடு உருட்ட ஆரம்பித்தது. எஃகைத் தானே உருக்கும் பிரிவு வந்தது 2010-ல். அதுவரை தகட்டுக்கு வேண்டிய எஃகு வெளியிலிருந்து வந்தது. பணம் கொடுக்கிற கை தூரத்தில் இருந்தால் முடிவும் தூரத்தில்தான் இருக்கும்.

இனி தேறுவதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

18ஏ ஓடவேண்டும். அரிசோனாவில் ஃபேப் 52 என்கிற ஆலையில் ஓட ஆரம்பித்துவிட்டது. பேந்தர் லேக் என்ற லேப்டாப் சிப் அதில்தான் வருகிறது. மின்சாரத்தை வேஃபரின், அதாவது சிப்புகள் அச்சாகும் சிலிக்கான் வட்டத் தகட்டின், முதுகுப் பக்கமாகக் கொண்டுபோகிற முறை அதில் இருக்கிறது. அது உண்மையிலேயே கெட்டிக்கார வேலை, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓடுவது வேறு, தேறுவது வேறு. ஒரு வேஃபரில் எத்தனை சிப் நல்லதாகத் தேறுகிறது என்பதுதான் லாபம். பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளினால்கூட வெள்ளித்தூள் கிடைக்கும். கெட்டுப்போன வேஃபரில் இருந்து எதையும் கூட்டி அள்ள முடியாது.

அடுத்தது 14ஏ, 18ஏ-வுக்கு அடுத்த தலைமுறை. இங்கேதான் டான் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னார். பெரிய வெளி வாடிக்கையாளர் யாரும் வரவில்லை என்றால் அதை நிறுத்தியேகூட விடலாம் என்று 2025 ஜூலையில் முதலீட்டாளர்களுக்கான அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். பலர் பதறினார்கள். எனக்கு அது நல்ல போர்டின் அடையாளமாகப் பட்டது. ஆர்டர் வந்தால் கட்டுவேன், இல்லாவிட்டால் கட்ட மாட்டேன். முன்பு நடந்ததற்கு நேர் எதிர். வருகிறவனுக்கு இது சங்கடம்தான். நாளைக்கு மூடினாலும் மூடுவேன் என்கிற பட்டறையில் எவன் முதலில் அச்சைக் கொண்டுவந்து வைப்பான்? இந்தச் சிக்கலுக்கு என்னிடம் பதில் இல்லை, டானிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குள்ள பெரிய பயம் ஆட்குறைப்பில்தான். 2024 கடைசியில் 1,08,900 பேர் இருந்த கம்பெனி, அடுத்த வருடக் கடைசிக்குள் மூலக் கம்பெனியில் 75,000 பேர் என்று இலக்கு வைத்தது. கொழுப்பை வெட்டும்போது நரம்பும் போகும். தேறுதலை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுகிறவர்கள் பதினைந்து இருபது வருடம் ஒரே இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவர்கள். 2009-ல் டிஎஸ்எம்சியிலும் ஆட்களை அனுப்பினார்கள். நிறுவனர் மோரிஸ் சாங், எழுபது வயது தாண்டியவர், திரும்ப வந்து சிஇஓ நாற்காலியில் உட்கார்ந்து அனுப்பினவர்களையே மறுபடி கூப்பிட்டார். முதலீட்டையும் கூட்டினார்.

ஏஎம்டியை உதாரணம் காட்டுகிறார்கள், அது பொருந்தாது. 2014-ல் லீசா சூ சிஇஓவாக வந்தபோது ஏஎம்டியிடம் ஃபேப்பே இல்லை, 2009-லேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். டிசைனை மட்டும் சரிசெய்தால் போதும். 2017-ல் ஜென் என்கிற புது சிப் டிசைன் வந்தது, நிமிர்ந்தார்கள். பொருந்துகிற உதாரணம் வேண்டுமானால் இண்டெல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1985-ல் ஜப்பான்காரர்கள் நினைவகச் சிப் விலையை அடித்து நொறுக்கியபோது, இண்டெல்லின் அன்றைய பிரசிடெண்ட் ஆண்டி குரோவ் தன் அறையில் சிஇஓ கோர்டன் மூருடன் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. போர்டு நம்மைத் துரத்திவிட்டு வேறு ஆளைக் கொண்டுவந்தால் அவன் என்ன செய்வான் என்று குரோவ் கேட்டார். நினைவகத்தை விட்டு வெளியே வந்துவிடுவான் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். அப்போது போர்டு துரத்தவேண்டி வரவில்லை, துரத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததே போதுமாக இருந்தது.

என்விடியா 2025 செப்டம்பரில் 500 கோடி டாலர் போடுகிறேன் என்றது. இருபது வருடம் முன்பு, 2005-ல், அன்றைய சிஇஓ பால் ஒட்டெலினி அதே என்விடியாவை 2,000 கோடி டாலர் வரை கொடுத்து வாங்கலாம் என்று கேட்டு, போர்டு தயங்கி விட்டுவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியிருக்கிறது. அது கிடக்கட்டும். என்விடியா பங்குக்குப் பணம் தந்தது, இண்டெல் தனக்காக வடிவமைக்கும் சிப்பை வாங்கிக்கொள்கிறேன் என்றது. ஆனால் தன்னுடைய சிப்பை இண்டெல் ஃபேப்பில் செய்கிறேன் என்று அந்த ஒப்பந்தத்தில் சொல்லவில்லை. அதாவது மொய் எழுதினார்கள், அச்சு கொடுக்கவில்லை.

அதனால் நீ பார்க்கவேண்டியது பங்கு விலையை அல்ல. 14ஏ-க்கு ஒரு வெளிக் கம்பெனி பெயர் சொல்லி ஆர்டர் கொடுக்கிறதா என்று பார். கொடுத்தாலும் முதலில் பெரிதாக இருக்காது. உங்க அப்பாவிடம் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்த முதல் வியாபாரி என்ன கொண்டுவந்தார் என்று கேட்டுப் பார். ரெண்டு கிலோ வெள்ளி, குழந்தைக் கொலுசு, எல்லாப் பட்டறையிலும் கிடக்கிற பழைய அச்சு. செய்து முடித்து அவர் எடுத்துப்போகிற வரைக்கும் சித்தப்பா மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.